அரிச்சந்திரனுக்கு நடுவில் எதை வைப்பது?

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு அரிச்சந்திர நாடகம் நடக்கும். குடமுருட்டி ஆற்றங்கரையில், பாபநாசம் வட்டத்தில் இருக்கும் சிறிய ஊர் எங்களுடையது. சம்பா அறுவடை முடிந்து களத்து நெல் வீடு சேர்ந்த பிறகுதான் வேஷம் கட்டுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் ஓர் இரவு முழுவதும் விழித்திருக்க மனம் வரும். பத்து மணிக்குத் தொடங்கினால் பொழுது புலரும்போது மங்களம். நடுவில், ஒன்றரை மணி வாக்கில், ஓர் இடைவேளை விட்டே ஆக வேண்டும். அரிச்சந்திரன் வேஷக்காரர் பட்டு உடுப்பைக் களைந்து சுடலை காப்பவனாக வர வேண்டும். சந்திரமதி பூவையும் நகையையும் கழற்ற வேண்டும். காசி நகரத் தெருப் படுதாவைச் சுருட்டிவிட்டு மயானப் படுதாவை இறக்க வேண்டும். இவ்வளவுக்கும் 20 நிமிடமாவது பிடிக்கும்.

சென்ற ஆண்டு அந்த 20 நிமிடத்தை மைக் செட்டிடம் விட்டுவிட்டோம். பழைய திரைப்படப் பாடல்கள் ஓடின. 20 நிமிடம் 40 ஆயிற்று. லோகிதாசனைப் பாம்பு தீண்டியபோது பாய்களில் பாதி காலியாக இருந்தது. சந்திரமதி பிள்ளையை மடியில் கிடத்தி அழத் தொடங்கியபோது, டீக்கடைப் பக்கத்திலிருந்து சற்றுமுன் ஓடிய பாட்டை யாரோ முணுமுணுப்பது மேடை வரை கேட்டது. நான் பின்பாட்டுக்காரன். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். மூன்று மாத ஒத்திகை அந்த முணுமுணுப்பில் கரைந்து போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த ஆண்டு இடைவேளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பை விழாக் குழு என்னிடம் கொடுத்திருக்கிறது. நான்கு யோசனைகள் வந்தன: மைக் செட் பாட்டே போதும், நேரத்தை மட்டும் கறாராகக் கட்டுப்படுத்தலாம் என்பது ஒன்று, பபூன் என்ற கோமாளியை வைக்கலாம் என்பது இரண்டாவது, நாகசுரமும் தவிலும் வைக்கலாம் என்பது மூன்றாவது, நம் ஆர்மோனியமும் மிருதங்கமுமே வாசிக்கலாம் என்பது நான்காவது. ஒன்றும் வேண்டாம், சும்மா இருட்டாக விட்டுவிடலாம் என்று ஐந்தாவதாக ஒரு பெரியவர் சொன்னார். அதை முதலில் யாரும் யோசனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மைக் செட் பாட்டை இந்த ஆண்டு நான் ஏற்கப்போவதில்லை. காரணம் திரைப்படப் பாடல் தாழ்ந்தது என்பதல்ல. நம் திரையிசையில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசையைக் கவனித்தால், இடைப்பட்ட இசையின் இலக்கணமே அதில் கிடைக்கும். சரணத்தின் வரிகளை மறந்தவர்கள்கூட நடுவில் வரும் வயலினையும் புல்லாங்குழலையும் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். அந்த இசை அந்தப் பாட்டுக்குள் பிறந்தது. பல்லவியிலிருந்து புறப்பட்டு, சரணம் எந்தச் சுரத்தில் தொடங்குமோ அங்கே கொண்டுவந்து விடுகிறது. அப்படிப்பட்ட பாட்டை முழுசாகப் பிடுங்கி வந்து எங்கள் நாடகத்துக்கு நடுவில் போட்டால், அது தன் கதையையும் தன் நாயகனையும் தன் மழையையும் கூடவே கொண்டு வரும். காசியில் பெண்டாட்டி பிள்ளையை விற்றுவிட்டு நிற்கிறவனை ஊர் அதற்குள் மறந்துவிடும்.

பபூன் யோசனை அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. குழுவில் பெரும்பாலானோர் அதைத்தான் விரும்பினார்கள். கூட்டம் கலையாது, பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள், ஓர் ஆளுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்றார்கள். மூன்றும் உண்மை. நம் நாடக மரபிலும் இதற்கு நல்ல இடம் உண்டு. குறவஞ்சியில் கட்டியக்காரன் வந்துதான் கதை தொடங்கும். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவிடமே வம்பு பேசுவான், கதையில் விட்டுப்போனதைச் சொல்லி நிரப்புவான், அன்றைக்கு ஊரில் நடந்ததையும் நடுவில் இழுத்துப் போடுவான். வடமொழி நாடகத்திலும் இரண்டு அங்கங்களுக்கு நடுவே விஷ்கம்பகம் என்று ஒரு சிறு காட்சி உண்டு. மேடையில் காட்டாமல் விட்ட நிகழ்ச்சிகளைச் சிறிய பாத்திரங்கள் வந்து தங்களுக்குள் பேசி அவையோருக்குத் தெரிவிக்கும். நடுவில் வருகிறவன் கதைக்கு உழைக்கிறவனாக இருக்க வேண்டும் என்பதே இவற்றிலெல்லாம் இருக்கும் ஒழுங்கு.

இப்போது நமக்குக் கிடைக்கும் பபூன்களில் பலர் கதை என்ன என்றுகூடக் கேட்பதில்லை. எந்த நாடகமானாலும் அதே கால் மணி நேரத்துப் பேச்சுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் நான்கு ஊர்களுக்குப் போகிறவர் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அரிச்சந்திரனுக்கு இது பொருந்தாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. விசுவாமித்திரரின் கடனை வசூலிக்க அரிச்சந்திரனோடு நட்சத்திரேசர் காட்டு வழியெல்லாம் கூட வருகிறாரே, அவரே போதும். பசிக்கிறது என்பார், நடக்க முடியவில்லை என்பார், தூக்கிக்கொண்டு போ என்பார். எங்கள் ஊரில் அந்த வேஷம் கட்டுகிறவர் வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் ஒரு முள் இருக்கிறது. சிரிக்கும்போதே அரிச்சந்திரன் படும் பாடு தெரிகிறது. கடனை வாங்கிக்கொண்டு அவர் போன பிறகு மேடையில் சிரிப்புக்கு இடமில்லை. இருந்த சிரிப்பை முதல் பாதியிலேயே முழுசாகச் செலவழித்துவிட்ட கதையில், ஒன்றரை மணிக்கு வெளியிலிருந்து இன்னொரு சிரிப்பைக் கொண்டுவந்து நிறுத்தினால், நட்சத்திரேசர் உழைத்ததெல்லாம் வீண்.

மெலட்டூர் எங்கள் பக்கத்து ஊர் போலத்தான். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே நடக்கும் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடக விழாவில் பிரகலாத சரித்திரம் இரவெல்லாம் ஆடப்படும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதியது. அங்கே கோணங்கி என்ற கோமாளி முதலில் வந்து ஆடிவிட்டுப் போய்விடுவான், அதன் பிறகு விநாயகர் வருவார், பிறகுதான் கதை. சிரிப்பை வாசலிலேயே வைத்து வரவேற்றுவிட்டு, உள்ளே போனபின் இரணியனின் உக்கிரத்துக்கு வழி விடுகிறார்கள். இந்த அமைப்பை நான் அங்கே போய்ப் பார்த்த ஒவ்வொரு முறையும் வியந்திருக்கிறேன். இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு முக்கியப் பாத்திரமும் வரும்போது அதற்குரிய பாத்திரப் பிரவேசத் தரு என்ற அறிமுகப் பாட்டு பாடப்படுகிறது. மொழி புரியாதவர்களுக்கும் வரப்போவது யார் என்பது பாட்டின் நடையிலேயே தெரிந்துவிடும். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே இசை செய்யக்கூடிய வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குழுவில் ஒரு தம்பி, “இடைவேளையில் வருவது ரொம்ப நன்றாக இருந்தால் என்ன தப்பு?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. இதற்கு இத்தாலிக்காரர்களிடம் பதில் இருக்கிறது. 1589-இல் பிளாரன்ஸ் நகரத்து மெடிசி குடும்பத் திருமணத்தில் ஐந்து அங்க நாடகம் ஒன்று நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடுவிலுமாக ஆறு இடைக்காட்சிகள். மேகத்திலிருந்து தேவர்கள் இறங்கினார்கள், பாடகர்களும் வாத்தியக்காரர்களும் திரண்டார்கள். இன்று இசை வரலாற்றில் பேசப்படுவது அந்த ஆறும்தான். நாடகத்தின் பெயரே அவற்றால்தான் நினைவில் இருக்கிறது. 1733-இல் நேப்பிள்ஸ் நகரத்தில் பெர்கொலேசி என்ற இளைஞர் தம்முடைய பெரிய இசைநாடகம் ஒன்றின் அங்கங்களுக்கு நடுவே வைக்க ஒரு சிறு வேடிக்கை நாடகம் எழுதினார். எசமானை ஏமாற்றி மணந்துகொள்ளும் வேலைக்காரியின் கதை. பாடுகிறவர்கள் இரண்டே பேர், மூன்றாமவன் ஊமை. அந்தச் சின்னது தனியே பிரிந்து ஐரோப்பாவெல்லாம் சுற்றி இன்றும் மேடையேறுகிறது. அதைத் தாங்கி நின்ற பெரிய நாடகம் வழக்கொழிந்துவிட்டது. அவர் எழுதியதுதான் இரண்டும் என்பதால் அவருக்கு நட்டமில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் அரிச்சந்திரனைப் பார்க்க வந்திருக்கிறார்கள்; விடிந்தபின் பபூனைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு போனால் நாங்கள் எதற்கு வேஷம் கட்டினோம்?

நாகசுரம், தவில் யோசனைதான் என்னை அதிகம் சோதித்தது. சொல்லப்போனால் ஒரு வாரம் இதையே முடிவாக வைத்திருந்தேன். இந்த மண்ணின் இசை அது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவிலிருக்கும் நரசிங்கம்பேட்டையில் நாகசுரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள்; 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குத் திருவாவடுதுறை. அதே திருவாவடுதுறையின் பெயரைத் தாங்கிய ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்காக மக்கள் விடிய விடியக் காத்திருந்த பூமி இது. தவிலுக்கோ நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற ஒரு பெயர் போதும்.

தவில் தனியில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பாட்டு நின்று, தாள வாத்தியம் மட்டும் தன் போக்கில் போகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் ஓர் இடைவேளைதான். பலர் அப்படி நினைத்தே எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். கச்சேரி மேடையில் மிருதங்கத் தனிக்கும் இதே கதிதான். அது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும். ஏனென்றால் தனியின் உயிர் அதன் முடிவில் இருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும், கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டை மூன்று முறை அடித்து முடிக்கும்போது பாட்டு தொடங்கும் எடுப்பு எந்த இடத்தில் இருக்கிறதோ சரியாக அங்கே வந்து இறங்க வேண்டும். பாடகர் அந்தக் கணத்தில் பல்லவியை எடுப்பார். காப்பிக்குப் போனவர் அந்தக் கணத்தை இழந்துவிடுகிறார். கிருதிகளில் வரும் சிட்டைசுரமும் இப்படித்தான். அனுபல்லவி முடிந்ததும் சொல்லெல்லாம் ஓய்ந்து சுரம் மட்டும் ஓடும். ஓடி முடிகிற இடம் பல்லவியின் வாசல். போனது திரும்பி வந்து ஒப்படைக்கிறது. நடுவில் எதை வைத்தாலும் அது இந்தக் காரியத்தைச் செய்கிறதா என்றுதான் நான் பார்க்கிறேன்.

ஆனால் எங்கள் கோயிலுக்கு வாசிக்கும் நாகசுரக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தம்பி, வாசிக்கிறேன். ஆனால் நான் சீவாளியை எடுத்ததும் உங்கள் காதில் என்ன விழும்? கல்யாணம், தேர், சாமி புறப்பாடு. அடுத்த காட்சி சுடுகாடு அல்லவா? மங்கல வாத்தியத்தைக் கேட்டுவிட்டு ஜனங்கள் சுடுகாட்டுக்குப் போக வேண்டுமா?” என்றார். அவர் மறுக்கவில்லை. எங்கள் நாடகத்தை எங்களைவிட நன்றாக யோசித்திருந்தார், அவ்வளவுதான். சோக ராகமான முகாரியை வாசிக்கச் சொல்லலாமே என்று தோன்றியது. நாகசுரத்தில் முகாரி உருக்கும்தான். ஆனால் தவிலோடு சேர்ந்து திறந்த வெளியில் அது எழும்போது மேடையைவிடப் பெரிதாகிவிடும். அதற்குப் பின் சந்திரமதி தனிக் குரலில் அழுதால் எடுபடாது. போதாக்குறைக்கு இரண்டு நாகசுரம், இரண்டு தவில், தாளம் என்று ஐந்து பேருக்காவது நள்ளிரவுச் சம்பளம் வேண்டும். அது எங்கள் வசூலுக்கு மீறியது.

இருட்டாக விடலாம் என்ற பெரியவரின் பேச்சு எனக்குப் பிறகுதான் உறைத்தது. கண்ணுக்கும் காதுக்கும் சற்று ஓய்வு கொடுப்பதும் நாடகத்தின் பகுதிதான். புகாரில் மாதவி அரங்கேறிய மேடைக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளைச் சொல்கிறது சிலப்பதிகாரம். எதை எப்போது மறைப்பது என்பதில் அவ்வளவு அக்கறை. ஆனால் முழு 20 நிமிடமும் ஓசையே இல்லாவிட்டால், அலைபேசிகள் ஒளிரத் தொடங்கிவிடும், ஆளுக்கொரு பாட்டு எழும். பாதி நேரம் சரி, முழு நேரம் முடியாது.

சிலப்பதிகாரத்தைச் சொன்னதும் இன்னொன்று நினைவு வருகிறது. அது தன்னை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்றே சொல்லிக்கொள்ளும் நூல். எதை எதற்கு நடுவில் வைப்பது என்பதை இளங்கோவைவிட நன்றாக அறிந்தவர் நம் பக்கத்தில் யார்? காவிரி கடலில் கலக்கும் இடத்தில், இந்திர விழாவின் முடிவில், கோவலனும் மாதவியும் பொழுது போக்க யாழோடு உட்காருகிறார்கள். அவன் ஒரு பாட்டு, அவள் ஒரு பாட்டு. கதை நின்றுவிட்டது, இனி கொஞ்ச நேரம் பாட்டுத்தான் என்று நாம் சாய்ந்து உட்காருவோம். அவன் பாடியதில் வேறொரு பெண் இருக்கிறாள் என்று இவள் நினைக்கிறாள். இவள் பாடியதில் வேறொருவன் இருக்கிறான் என்று அவன் நினைக்கிறான். பாட்டு முடியும்போது அவன் எழுந்து போய்விட்டான். மதுரைக்குப் போகும் வழி அந்தக் கடற்கரையில்தான் தொடங்குகிறது. இடையில் வந்த பாட்டு என்று கானல்வரி என்ற இந்தப் பகுதியை எடுத்துவிட்டால் கண்ணகிக்குக் கதையே இல்லை.

இதைப் படித்த கண்ணோடு எங்கள் நாடகத்தைத் திரும்பப் பார்த்தேன். காசிக்கு வரும் வழியில், ஒரு சத்திரத்துத் திண்ணையில், பசியோடு இருக்கும் லோகிதாசனைச் சந்திரமதி தாலாட்டித் தூங்க வைக்கும் காட்சி ஒன்று முதல் பாதியில் இருக்கிறது. எங்கள் வாத்தியார் காலத்திலிருந்து அது நீலாம்பரி ராகம்தான். நான்கு அடி, எளிய மெட்டு. ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இடைவேளையில் வாசிக்க வேண்டியது எது என்று நாங்கள் வெளியில் தேடிக்கொண்டிருந்தோம். அது ஏற்கெனவே நாடகத்துக்குள் இருந்தது. சொல் இல்லாமல், ஆர்மோனியத்தில், அந்தத் தாலாட்டை மட்டும். பிள்ளை தூங்குகிறான் என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். படுதா விலகும்போது அவன் தருப்பை அறுக்கப் புறப்பட்டுக்கொண்டிருப்பான்.

ஆகவே குழுவிடம் நான் எழுதிக் கொடுத்திருக்கும் முடிவு இது. முதல் 10 நிமிடம் விளக்கெல்லாம் எரியும், ஒலிபெருக்கி மௌனமாக இருக்கும். டீ குடிக்கிறவர்கள் குடிக்கலாம், பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறவர்கள் போகலாம். பிறகு மேடை விளக்கு ஒன்றைத் தவிர மற்றவை அணைக்கப்படும். ஆர்மோனியம் நீலாம்பரியைத் தொடங்கும், முதலில் ராகமாக, பிறகு தாலாட்டின் மெட்டாக. மிருதங்கம் விரல் நுனியில் மட்டும். தாலாட்டு கேட்டால் எழுந்து போனவர்கள் தானாகவே பாய்க்குத் திரும்புவார்கள் என்பது என் நம்பிக்கை. பபூன் இந்த ஆண்டு வேண்டாம். மெலட்டூர்க் கோணங்கியைப் போல, தொடக்கத்தில் நம் ஊர் ஆளே கட்டியங்காரனாக வந்து கால் மணி நேரம் பேசிவிட்டுப் போகட்டும். நாகசுரக்காரருக்கு விடியற்காலை. இறைவன் தோன்றி, லோகிதாசன் எழுந்து, அரிச்சந்திரனுக்கு முடி திரும்பும்போது கோயில் மேளம் மேடைக்கு முன்னால் வந்து நிற்கும். அன்று காலைப் புறப்பாட்டுக்கு அவர்கள் எப்படியும் வருவார்கள், அரை மணி முன்னால் வரச் சம்மதித்துவிட்டார்கள். செலவும் கூடவில்லை.

இந்த முடிவில் ஓர் ஆபத்து உண்டு. கூட்டம் குறையலாம். சிரிக்க வந்தவர்கள் அடுத்த ஊர் நாடகத்துக்குப் போகலாம். குழுத் தலைவர் அதைச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. மயான காண்டம் வரை உட்காருகிறவர்கள் அதற்காகவே உட்காரட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். “இந்த ஒரு வருஷம் பார்ப்போம்” என்றார்.

போன வாரம் ஒத்திகையில் வாசித்துப் பார்த்தோம். எங்கள் ஆர்மோனியக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மூன்று அடி வாசித்துவிட்டு நான்காவதைத் தொடாமல் துருத்தியை மூடிவிட்டார். மறந்துவிட்டாரோ என்று நினைத்து மெல்லப் பாடிக் காட்டினேன். தெரியும் என்று கையமர்த்தினார். அந்த அடியை இங்கே வாசிக்க வேண்டாம், மயானத்தில் பிள்ளையை மடியில் போட்டதும் சந்திரமதி அதைப் பாடட்டும், அங்கிருந்து முகாரிக்குப் போகலாம் என்றார். சந்திரமதி வேஷம் கட்டுகிறவர் கீழே பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உடனே எழுந்து மேடைக்கு வந்து, அந்த அடியைப் பாடிப் பார்க்க எந்தச் சுருதியில் நிற்க வேண்டும் என்று கேட்டார்.